காய்ந்த பிறகு தெரியும் நிறம்

நீலம் என்றால் நிம்மதி, வெள்ளை என்றால் தூய்மை, சிவப்பு என்றால் வலி. இணையத்தில் ஓவியம் கற்றுத்தரும் ஓர் அம்மாள் அப்படித்தான் சொன்னார். உருவமே வரையாமல் நிறத்தை மட்டும் வைத்து ஒரு துக்கத்தைச் சொல்லிவிடலாமாம். அந்த அம்மாளை ஆம்பூருக்கு வந்து ஒரு வாரம் இருந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். வேலூரில் நடக்கப்போகும் கண்காட்சிக்கு ஒரு படம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். என் மகளைப் பற்றிய படம். பதினாலு மாதத்துக்கு முன் அவள் வயிற்றிலேயே இறந்துபோனாள். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எனக்கு மயக்கம் தெளிவதற்குள் குளிப்பாட்டி, துணி சுற்றி, கபரஸ்தானில் அடக்கம் பண்ணிவிட்டு ஆண்கள் திரும்பிவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் அங்கே போவதில்லை. ஆக, பெற்றவள் நான் அவளைப் பார்க்கவே இல்லை. படத்தின் நடுவில் அவளுக்கென்று ஓர் இடம் விட்டிருந்தேன். அதில் என்ன நிறம் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

பார்த்தவர் என் கணவர் ஃபஹீம். அவரைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். என்னைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டார். ஒரே வீட்டில் தனித்தனியாகக் குடியிருந்தோம்.

முதலில் வெள்ளை வைத்தேன். அடக்கத்துக்குச் சுற்றுகிற கஃபன் துணிதான் தெரிந்தது. சுரண்டி எடுத்தேன். பச்சை வைத்தால் தர்காவில் போர்த்துகிற சாதர். சரி, அந்த அம்மாள் சொன்ன நிம்மதியையே வைப்போம் என்று வெளிர் நீலம் பூசினேன். நாத்தனார் ஷஹீன் பானு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பாபி, வெட் ப்ளூ அடுக்கி வெச்ச மாதிரி இருக்கு?"

தோல் பதனிடும் டேனரியில் குரோம் டிரம்மிலிருந்து ஈரமாக எடுக்கிற தோலுக்கு அந்தப் பெயர். அதே நீலம்தான். என் பிள்ளையை நானே தோலாக்கிவிட்டேனே. ஷஹீன் மேல் தப்பில்லை. இருந்தாலும் அன்றைக்கு அவளுக்கு டீ கொடுக்காமல் அனுப்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபஹீம் படத்தின் முன்னால் வந்து நின்றார். டேனரியில் அவர் ஷேட் மேட்ச் பண்ணுகிறவர். வெளிநாட்டுக்காரன் விரலகலத் துண்டுத் தோலை அனுப்பினால், அதே நிறத்தைக் கலந்து கொண்டுவர வேண்டும். ஒருமுறை பார்த்த நிறத்தை மறக்க மாட்டார்.

"நடுவுல இருக்கறது பாப்பாவா?"

அந்தச் சொல்லை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். தலையாட்டினேன்.

"இது இல்ல."

"அப்போ இன்னான்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு யார் காட்டினாங்க?" தெருவுக்கே கேட்டிருக்கும்.

இந்த முறை அவர் விலகிப் போகவில்லை. தரையில் உட்கார்ந்தார். பிரவுன், மஞ்சள், கொஞ்சம் வெள்ளை, ஒரு துளி சிவப்பு. கத்தி நுனியால் குழைத்து ஒரு துண்டுக் காகிதத்தில் தடவினார். நான் கையை நீட்டினேன்.

"தொடாத. ஈரத்துல ஷேட் பொய் சொல்லும். காயட்டும்."

ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து இரண்டு பேரும் அந்தக் காகிதத்தைக் காவல் காத்தோம். காய்ந்ததும் பார்த்துவிட்டு, "சிவப்பு ஜாஸ்தி" என்று மறுபடி கலந்தார். மறுபடி காத்திருந்தோம்.

இரண்டாவது துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். டேனரியில் பக்கத்திலேயே ஒரிஜினலை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். அவர் என் கையைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டின் மேல் காகிதத்தை வைத்தார்.

காகிதம் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பெண் பார்க்க வந்தபோது இவர் வீட்டார் "கலர் கம்மி" என்று சொன்னார்களே, அந்த நிறம்.

"அப்படியே நீதான்" என்றார். "அதான் உன்னப் பார்க்க முடியல, லுப்னா."

என் கையை விடாமல் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பதினாலு மாதமாக இவர் தினமும் என் மகளைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவள் என் கையிலேயேதான் இருக்கிறாள் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.