ஒரு நிமிடத்தில் அணையும் கம்ப்யூட்டர்

மஸ்கட்டில் வேலை பார்க்கும் கணவர் அய்யாத்துரையோடு வெள்ளிக்கிழமைதோறும் இன்டர்நெட்டில் பேசுவதற்காகவே செல்வமணி வடுகபட்டி வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தாள். இரண்டாயிரத்து மூன்று ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் தன் அண்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்த சிறிது நேரத்தில் திரையில் ஒரு பெட்டி வந்தது. அறுபது வினாடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும் என்றது. எதை அமுக்கியும் எண் நிற்கவில்லை. அணைந்தே போனது.

மறுபடி போட்டாள். மறுபடியும் அதே பெட்டி. நான்காவது தடவை அணைந்ததும் வீட்டுப் போன் அடித்தது.

"எங்க அண்ணனைப் பத்திப் பேசுன கோவமா செல்வி? பாதியிலயே கட் பண்ற?"

"நான் எங்கங்க கட் பண்ணுனேன்? அதுவா அணையுது."

"அதெப்படி நாம பேசுறப்ப மட்டும் அணையும்?"

உண்மையிலும் இன்டர்நெட்டில் சேராவிட்டால் கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஓடியது. தன்னையறியாமல் எதையாவது அமுக்குகிறோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

மறுநாள் பெரியகுளத்தில் ஞானசிகாமணியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள்.

"வைரஸ்மா. இந்த வாரம் பத்துப் பேரு வந்துட்டாக" என்றார் அவர். "லைன்ல சேந்ததும் அதுவா உள்ள வந்துருது. அப்டேட் போட்டிருந்தா வந்திருக்காது. போடவான்னு கீழ மூலையில ஒரு பெட்டி கேட்டிருக்குமே?"

"ஒரு மாசமாக் கேட்டுச்சுண்ணே. எது கேட்டாலும் வேண்டாம்னு அமுக்குன்னு அவுகதான் சொன்னாக."

"அது விளம்பரத்துக்குச் சொல்லியிருப்பாக."

"ரெண்டும் பெட்டியாத்தானேண்ணே வருது?"

"அதுவும் சரிதான்" என்றார்.

"அப்ப இன்னைக்கே அந்த அப்டேட்டை இறக்கிரட்டுமா?"

"எங்கன இறக்குவீக? நெட்டுல சேந்தாத்தான் அணைஞ்சுருதே."

வைரஸை எடுப்பதும் அப்டேட்டும் இருந்த ஒரு சிடியை அவர் கொடுத்து, இன்டர்நெட் வரும் போன் வயரைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டியதைத் தாளில் எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்து வரிவரியாகப் படித்து அப்படியே செய்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் அணையவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

"நானா அப்படிச் சொன்னேன்?" என்றார் அய்யாத்துரை.

"நீங்கதான்."

"இனிமே மூலையில கேட்டா சரின்னு அமுக்கிரு" என்றார்.

அப்போதே மூலையில் ஒரு பெட்டி கேட்டது. அமுக்கினாள். அப்டேட் இறங்க இறங்க, அவர் குரல் விட்டு விட்டு வந்தது. நிறுத்தினால் மறுபடி வைரஸ் வந்துவிடுமோ என்று பயந்தாள். அவர் எதையோ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனாலும் செல்வமணி "ம்" போட்டுக்கொண்டே இருந்தாள்.