தொண்ணூறு விழுக்காடு மௌனம்

1

இக்கதை என் கற்பனையில் பிறந்ததன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். செஞ்சி கடைவீதியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அமர்ந்து, சென்னை நிறுவனம் ஒன்றுக்கு நெட்வொர்க் பொறியாளராக வேலை பார்க்கும் கலைவாணி எனக்குச் சொன்னது இது. இலக்கிய ஆராய்ச்சி செய்யும் என்னோடு வல்லத்தில் பள்ளியில் படித்தவள். சொன்னவள் அவள், வரிசைப்படுத்தியவன் நான். ஆகவே பிழைகள் என்னுடையவை.

முதல் தொடக்கம்: “இராஜகிரியின் உச்சியில் வெயில் சாயும் வேளையில், கலைவாணி தன் கணினியை

[கைவிட்டேன். செஞ்சியைப் பற்றி எழுதுகிற எவரும் கோட்டையில் ஏறாமல் விடுவதில்லை. இக்கதையில் கோட்டைக்கு வேலையே இல்லை.]

இரண்டாம் தொடக்கம்: “ஒரே ஒருவருக்கான கேள்வி எத்தனை பேர் காதில் விழ வேண்டும்?”

இது இருக்கட்டும்.

2

கலைவாணி கவனித்துக்கொள்ளும் ஒரு தரவு மையத்தில் நானூற்றுப் பன்னிரண்டு சர்வர்கள். அவை வெவ்வேறு கட்டடங்களில் இருந்தாலும், உண்மையான கம்பிகளின் மேல் போர்த்தப்பட்ட ஒரு மெய்நிகர் வலையமைப்பு, எல்லாம் ஒரே தெருவில் குடியிருப்பதாக அவற்றை நம்பவைக்கிறது. ஒரு சர்வருக்கு இன்னொன்றின் எண் தெரியும், இருப்பிடம் தெரியாது. எனவே “இந்த எண் யாருடையது?” என்று தெரு முழுக்கக் கேட்கிறது. தெருவே கற்பனை என்பதால், அந்தக் கேள்வி ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனிப் பிரதியாகப் பயணம் செய்கிறது.

கலைவாணி இதை என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

“பஸ் ஸ்டாண்டுல மைக்ல கூப்புடுறான் இல்ல, அவலூர்பேட்டை கன்னியப்பன் எங்க இருந்தாலும் வரவும்னு? சேதி ஒருத்தனுக்கு. காது வலி ஊருக்கே.”

“நீ இன்னா பண்ற?”

“மைக்க புடுங்கிடுறேன். ஒவ்வொரு கட்டடத்து வாசல்லயும் ஒரு சுவிட்ச் இருக்குது. யாரு எங்க இருக்கான்னு அதுங்கிட்ட ஒரு பட்டியல். கேட்டா அதுவே பதில் சொல்லிடும். கேள்வி தெருவுக்கே வராது.”

“பட்டியல்ல இல்லாத ஆளக் கேட்டா?”

“ஆராய்ச்சி பண்றவன் கேக்குற கேள்விதான்டா குரு இது,” என்று சிரித்தாள். சிரிப்பு முழுமையாக இல்லை.

3

பணயம் என்ன என்பதை மறைத்துவைத்து ஆவலைத் தூண்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சொல்லிவிடுகிறேன்.

கலைவாணியின் மகள் அனுவுக்கு நான்கு வயது. அம்மா சென்னை விடுதியில் இருந்த இரண்டு ஆண்டுகளில், அந்தக் குழந்தை அவளை “போன் அம்மா” என்று அழைக்கப் பழகியிருந்தது. செஞ்சியிலிருந்தே வேலை பார்க்கும் அனுமதியைக் கலைவாணி போராடித்தான் பெற்றாள். மேலாளர் சுந்தரமூர்த்தி அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்.

“பாரும்மா, வாடிக்கையாளருக்கு நான் வாக்கு குடுத்துட்டேன். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள அந்தக் கேள்விச் சத்தம் தொண்ணூறு சதவீதம் குறையணும். குறைஞ்சா நீ செஞ்சியிலயே இரு. இல்லன்னா திங்கட்கிழமை இங்க வந்து உக்காரு.”

வெள்ளி நண்பகலுக்குள் அந்தச் சத்தத்தில் எழுபத்து நான்கு சதவீதத்தைக் குறைத்திருந்தாள். மிச்சத்துக்குக் காரணம், எப்போதோ அணைக்கப்பட்ட பழைய சர்வர்களைப் பிற சர்வர்கள் சலிக்காமல் விசாரித்துக்கொண்டிருந்ததுதான். பட்டியலில் இல்லாதவரைப் பற்றிய கேள்விகளை வாசலிலேயே தள்ளிவிடும்படி சுவிட்சுகளுக்குக் கட்டளையிட்டாள். தொண்ணூற்று மூன்று.

3 (தொடர்ச்சி)

கட்டளையிடும் முன் அவள் சோதிக்காமல் இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு சர்வர்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். எல்லாம் பதில் சொல்லின; பதில் சொன்னவை எல்லாம் பட்டியலில் ஏறின.

பிழை அந்தச் சோதனையிலேயே இருந்தது. யாராவது கூப்பிட்டாலொழிய வாயே திறக்காத சர்வர் ஒன்று அவற்றிடையே இருந்தது. அவள் கூப்பிட்டதால் அன்று அது பேசியது. பட்டியலோ, சிறிது நேரம் பேசாதிருப்பவரின் பெயரை அழித்துவிடும் இயல்புடையது. பெயர் அழிந்தபின் அதைத் தேடிவந்த கேள்விகள் எல்லாம் வாசலில் மடிந்தன.*

* திறனாய்வாளருக்கும் இதே பிழை நேர்கிறது. நாம் கேட்டபோது இலக்கியப் பிரதி பேசியது என்பதால், எப்போதும் பேசிக்கொண்டிருந்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

நான்கு மணி பத்து நிமிடம். கோழித் தடுப்பூசி மருந்துகளைச் சேமிக்கும் ஒரு குளிர்க்கிடங்கிலிருந்து பாண்டுரங்கன் என்கிற காவலாளி அழைத்தார். அங்கே வெப்பம் ஏறியதாகச் சேதி வந்தால் எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்வது அந்தப் பேசாத சர்வர்தான்; அன்று சேதி வாசலைத் தாண்டவில்லை.

“மேடம், கதவு தெறந்தே கெடந்துச்சு. ஒரு பெல்லும் அடிக்கல. டீ குடிக்கப் போவசொல்ல தற்செயலா பாத்தேன்.”

“மருந்து இன்னா ஆச்சுண்ணா?”

“தப்பிச்சுது. நாளைக்கு எனக்கு லீவு. அப்ப எவன் பாப்பான்?”

4

அவள் முன் இரண்டு வழிகள் இருந்தன. அந்த ஒரு சர்வரின் முகவரியை அழியாதபடி கையால் பட்டியலில் எழுதிவிடலாம். தொண்ணூற்று மூன்று நிலைக்கும். அல்லது தெரியாதவரைப் பற்றிய கேள்விகளைப் பழையபடி தெருவுக்குள் விடலாம். எழுபத்து நான்குக்குச் சரியும்.

நான் எழுதிய முதல் முடிவில் அவள் கையால் எழுதினாள், செஞ்சியிலேயே தங்கினாள். படித்துவிட்டுத் தாளை என் மடியில் போட்டாள்.

“ஒண்ண எழுதிட்டேன், சரி. இதே மாதிரி வாயத் தெறக்காம இன்னும் எத்தினி இருக்குது, சொல்லு?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. நாலு மணிக்கு மேல எப்புடித் தேடுறது? போன் வரும்னு காத்துனு இருக்க சொல்றியா?”

இரண்டாம் முடிவில் சுந்தரமூர்த்தி அவளுடைய நேர்மையை மெச்சி

“சினிமா,” என்றாள். அடித்துவிட்டேன்.

5

நடந்தது இது. நான்கு ஐம்பத்திரண்டுக்குக் கட்டளையைத் திரும்பப் பெற்றாள். எழுபத்து நான்கு என்று அறிக்கையில் எழுதினாள். தன் பிழையையும் அதைக் கண்டுபிடித்த காவலாளியின் பெயரையும் சேர்த்தாள். பேசாத சர்வர்களைக் கண்டறிய மூன்று வாரம் கேட்டாள். அனுப்பினாள்.

பதில் வந்துவிட்டது. “சொல்லட்டுமா?” என்றாள். வேண்டாம் என்றேன்; அதைக் கேட்டால் நான் கதை எழுதுபவனாக இல்லாமல் வெறும் அறிக்கை எழுதுபவனாக ஆகிவிடுவேன்.

ஆகவே, வாசகரே, மணி ஐந்து. இப்போது நீங்கள்தான் சுந்தரமூர்த்தி. தொண்ணூறு என்று வாக்குக் கொடுத்தவர் நீங்கள். எழுபத்து நான்கு என்று எழுதிய அறிக்கை உங்கள் திரையில் திறந்திருக்கிறது. வாடிக்கையாளர் தொலைபேசியில் காத்திருக்கிறார். கீழே பதிலுக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். திங்கட்கிழமை அவள் எங்கே உட்கார வேண்டும் என்று எழுதுங்கள்.

“கலைவாணி,