வேர்த்து வந்த பேச்சாளன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது எங்கள் மசாக்கா ஊர்ப் பக்கம், பெண் கேட்கும் பந்தல் ஒன்றில். நான் பெண் வீட்டுக்காரன். மாப்பிள்ளை வீட்டார் திணறுவதை வேடிக்கை பார்க்கத்தான் போயிருந்தேன்.

(எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது. அவனுக்காக ஒரு பேச்சாளன் பேசுவான். அவனும் வந்த காரியத்தை நேராகக் கேட்கக் கூடாது. இந்த வீட்டில் பிள்ளையாகப் பிறக்க வந்திருக்கிறோம் என்பது போலச் சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும்.)

மாப்பிள்ளையின் அண்ணன் கிபூக்காவின் நெஞ்சு குதிரையைப் போல... [இந்த வரியை அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் குதிரை யாரிடம் இருக்கிறது?]

2

கிபூக்கா இரண்டு வருஷத்துக்கு முன் தன் அண்ணனுக்காகப் பேச எழுந்தான். படபடப்பில் சுற்றி வளைக்க மறந்து, "பொண்ணக் குடுங்க, போறோம்" என்று போட்டு உடைத்துவிட்டான். பந்தலே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் அவனைக் கூப்பிடுவதே "போறோம்" என்றுதான்.

இன்று மாப்பிள்ளை, அவன் தம்பி கயோண்டோ. ஏற்பாடு செய்திருந்த பேச்சாளருக்குக் காலையில் தொண்டை கட்டிக்கொண்டது. கிபூக்காவை விட்டால் வேறு ஆள் இல்லை. பந்தலுக்குள் நுழைய ஒரு மணி நேரம் இருந்தது. கிபூக்கா சொதப்பினால் தம்பிக்கும் தலைகுனிவு.

3

முதல் வரைவில் அவனைப் படுக்க வைத்தேன். அவன் மனைவி நாமுலி வண்டி ஓரமாகப் பாய் விரித்தாள்.

"கால தளர விடுங்க. இப்ப தோள. மூச்ச மெதுவா வெளிய விடுங்க."

"விட்டுட்டேன்டி. திரும்பி வரமாட்டேங்குது."

இரண்டாம் வரைவில் ஓட வைத்தேன்.

"அண்ணே, அந்த மேட்ட ரெண்டு தரம் ஏறி எறங்குங்க. பரீட்சைக்கு முன்னால நான் அப்படித்தான் செய்வேன்" என்றான் கயோண்டோ.

வெள்ளை அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினான் கிபூக்கா. வாழைத்தார் விற்கும் அம்மாள் ஒருத்தி கத்தினாள்: "ஐயோ, மாப்பிள்ளை தப்பிச்சு ஓடுறான், பிடிங்க!"

உண்மையில் அவன் இரண்டையும் செய்தான். எது முதலில் என்று நாமுலியும் கயோண்டோவும் இன்னும் சண்டை போடுகிறார்கள். படித்தவர்களைக் கேட்டால், இரண்டுமே படபடப்பைக் கொஞ்ச நேரத்துக்குத் தணிக்கும் என்கிறார்கள். கொஞ்ச நேரம் போதாதா? ஆயுசுக்கும் தைரியம் வேண்டும் என்று அவன் கேட்கவில்லையே. அவனுக்கு வேண்டியது பத்து நிமிஷம்.

4

எங்கள் பேச்சாளர் கசூலே வணக்கம் சொன்னார். எங்கள் வணக்கம் ஒரு சொல்லோடு முடியாது. "ம்ம்ம்" என்றார் அவர். "ம்ம்ம்" என்றான் கிபூக்கா. மறுபடி அவர், மறுபடி இவன். ஒவ்வொரு முறையும் மூச்சு நிதானமாக வெளியேறியது. ஆறாவது முறையில் அவன் தோள் இறங்கியதை நான் என் நாற்காலியிலிருந்தே பார்த்தேன்.

கசூலே விடுவாரா?

"என்னய்யா இப்படி வேர்த்துக் கொட்டுது? உங்க ஊர்ல வண்டியே கிடையாதா? சீரா கொண்டாந்த ஆடுகளோட சேர்ந்து நடந்தே வந்தீங்களா?"

எங்கள் பக்கம் சிரிப்பு. அவன் ஆட்களிலேயே யாரோ முணுமுணுத்தார்: "போறோம்..."

[இங்கே அவன் ஊமையாக நிற்பதாக மூன்று பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். அவன் மூன்று நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.]

"வண்டியெல்லாம் இருக்குங்க ஐயா. ஆனா நாங்க இந்த வீட்டுல பிள்ளையாப் பொறக்கத்தானே வந்திருக்கோம்? பொறக்குற பிள்ளை ஈரமாத்தானே வரும்! தொடைக்கிறதுக்குத் துணி நீங்கதான் கொண்டாரணும்."

எதிரெதிரே போட்டிருந்த இரண்டு வீட்டுப் பந்தல்களும் ஒன்றாக வெடித்தன. சிரித்த சிரிப்பில் கசூலே மைக்கைக் கீழே போட்டார். பெண்ணின் அப்பா எழுந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை, நடுவில் இருந்த புல்தரையைத் தாண்டி நடந்து போய், தன் கைக்குட்டையால் கிபூக்காவின் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

5

அவனுக்குக் கைகொடுத்தது ஓட்டமா, பாயா, அந்த "ம்ம்ம்"தானா? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் எப்படி நடந்தது, எத்தனை பிள்ளைகள் என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளலாம், நான் தடுக்கப் போவதில்லை.

ஒன்று மட்டும் மாற்றாதீர்கள். பெண் வீட்டுக்காரனான நான் நாற்காலி மேல் ஏறி நின்று, தொண்டை கிழிய அவன் பெயரைக் கத்தினேன். அவனுடைய உண்மையான பெயரை.