சார்ஜ் இறங்காத போன்

என் வீட்டுக்காரர் சந்திரசேகர் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். கோழிகள் நன்றாக முட்டையிட வேண்டுமென்று, இருட்டிய பிறகும் கொட்டகை முழுக்க விளக்கெரிய விடும் வள்ளல் அவர். தன் புதுப் போனில் மட்டும் பொட்டு வெளிச்சம் வைக்க மாட்டார். சார்ஜ் இறங்கிவிடுமாம். பட்டப்பகலில் யாராவது கூப்பிட்டால், தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டுதான் பெயரைப் படிப்பார்.

நேற்று பனமரத்துப்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போனவர், ஒரு படி மேலே போய் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டார். இங்கே முட்டை ஏற்ற லாரி வந்து நின்றது. குடோன் சாவியோ அவர் இடுப்பில். நானும் டிரைவரும் மாறி மாறிக் கூப்பிட்டோம். போன் அணைந்திருப்பதாக ஒருத்தி அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் லாரி பக்கத்துப் பண்ணை முட்டையை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

சாயங்காலம் வந்ததும் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“ரஞ்சிதா, காத்தால போட்ட சார்ஜு, இன்னும் தொண்ணூத்தாறு இருக்குது பாரு!”

“ரொம்பச் சந்தோசமுங்க. குடோன்ல முட்டையும் அப்படியேதானுங்க இருக்குது. ஒண்ணுகூடக் குறையலீங்க.”