கோர்வைத் தறியில் ஒரு நாவல்

துர்காதேவிக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. சின்ன காஞ்சிபுரத்து வீட்டில், புருஷன் உதயகுமார் பட்டுப்புடவையின் உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் இழைக்கும் கரை நூல் சுற்றிய ஓடமான நாடாவைத் தள்ளிக் கோர்ப்பது அவள் வேலை. மடியில் ஞாயிற்றுக்கிழமை வாங்கிய புது நாவல். கை நாடாவைத் தள்ளத் தள்ள, வாய் கதையை உரக்கப் படிக்கும்.

"ஒரு இழை தப்பினாலும் பொஸ்தகம் பரணுக்குப் போயிடும்," என்று அவன் திங்கட்கிழமையே மிரட்டியிருந்தான்.

வியாழக்கிழமை தப்பியது. ஓரிடத்தில் கரையும் உடலும் சேராமல் விட்டிருந்தது, நாலு விரற்கடை நெய்த பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு மஹாலட்சுமி எட்டிப் பார்த்தாள். "படிச்சிக்கினே நெய்தா இப்படித்தாம்மா ஆவும். மூட்டை கட்டு அதை."

துர்காதேவி குனிந்து பார்த்தாள். "இல்லக்கா. என் கரை நூலு வந்து நிக்குது. உடம்பு நூலுதான் வந்து கோர்க்கல. இவரு கை தப்பு."

உதயகுமார் தலையைச் சொறிந்தான். "நான்தான்பா. கதையில அவன் கத்தி எடுத்தான்ல, கை ஓடல." பிறகு மார்பை நிமிர்த்தினான். "எங்க வீட்டுக்காரி படிச்சா ஊரே வேலைய வுட்டுட்டு கேக்கும்!"

அவளுக்கு முகம் பூரித்துவிட்டது. தப்பாக நெய்ததைப் பிரித்தெடுப்பதிலேயே பொழுது போனதால் கதை அப்படியே நின்றது. அன்றைக்குப் படிக்க வேண்டிய ஓர் அத்தியாயத்தை அவள் அவனுக்கு இன்னும் பாக்கி வைத்திருக்கிறாள்.