எதுவென்றாலும் சரி என்ற பாடம்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் முழங்கால் இரண்டும் இந்த நிமிடமே மடங்காமல் போகட்டும்.

வடக்கு டகோட்டாவில் ஒரு சின்னக் கல்லூரி. நன்றி நவிலும் நாள் விடுமுறைக்கு விடுதியே காலி. இரண்டாம் ஆண்டு மாணவி சிக்னி ஹாக்ஸ்டாட் மட்டும் மிச்சம். அம்மா புதுக் கணவரோடு அரிசோனா போய்விட்டாள். ஆள் நடமாடினால் தானே எரியும் நடைவழி விளக்கு, முதல் நாள் சிக்னிக்கு எரிந்தது. இரண்டாம் நாள் கையை ஆட்டினால்தான் எரிந்தது. மூன்றாம் நாள் குதிக்க வேண்டியிருந்தது. அவள் இருக்கிறாள் என்பதில் விளக்குக்கே நம்பிக்கை போய்விட்டது.

திங்கட்கிழமைக்குள் அவள் தன் முதன்மைப் பாடத்தை எழுதிக் கொடுத்தாக வேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஆவது என்று முடிவு. ஆனால் அந்தப் படிப்பு பட்டத்துக்கு அப்புறம்தான். அதுவரை உயிரியலா, உடலியக்கவியலா, உளவியலா? கல்லூரி ஆலோசகரைக் கேட்டாள்.

"எதுன்னாலும் சரிம்மா. சொன்ன அறிவியல் பாடமெல்லாம் முடிச்சிருந்தா சேத்துக்குவாங்க."

அம்மாவைப் போனில் கேட்டாள். "உனக்கு எது தோணுதோ அது."

ஒன்றைக் கூடாது என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை சிகிச்சைக்கூடம் போனாள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்குமுன் இப்படி மூலை நாற்காலியில் நூறு மணி நேரம் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். தொடக் கூடாது, பேசக் கூடாது. அன்றைக்கு ஒரே ஆள்தான் வந்திருந்தார்: ஆர்வில் ட்வெய்ட். எழுபத்தெட்டு வயது, மனைவி இல்லை, செயற்கை முட்டி பொருத்தி ஐந்து மாதம்.

"இன்னும் கொஞ்சம் மடக்குங்க," என்றாள் தெரபிஸ்ட் மார்லிஸ்.

"மடங்குனா மடக்க மாட்டேனா? கீல்ல துரு ஏறிடுச்சு தாயி."

"போன வாரம் பனி புகுந்துடுச்சுன்னீங்க?"

"அது உருகித்தான் துரு."

மார்லிஸ் ஐஸ் பை எடுக்க உள்ளே போனாள். சிக்னியின் பேனா கீழே உருண்டது. ஆர்வில் சட்டென்று எழுந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மேசைக்கு அடியில் துழாவி எடுத்துக் கொடுத்தார். அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது.

"பாத்துட்டியா?"

"ம்."

"சரியாயிடுச்சுன்னா இனி வராதேம்பாங்க. வீட்ல என்கூடப் பேசுறது ரேடியோ மட்டுந்தான். அதுவும் வானிலை."

மார்லிஸ் திரும்பி வந்தாள். "என்ன சிக்னி, இவர் முட்டி எப்படி இருக்கு?"

"நான் பேசக் கூடாதில்ல," என்றாள் சிக்னி.

மாலையில் படிவத்தில் உளவியல் என்று எழுதினாள். காட்டுவதற்கு யாரும் இல்லை. நடைவழிக்குக் கொண்டுவந்து, உயர்த்திப் பிடித்தாள். குதிக்கவில்லை. விளக்கு எரிந்தது.

என் முழங்கால் இரண்டும் மடங்காமல் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.