ஆப்பு வைத்த நிலைக்கண்ணாடி

கடைவீதியில் இந்தக் கட்டடத்துக்கு நான் நாலாவது ஆள். முதலில் தையல் கடை, அப்புறம் செருப்புக் கடை, பிறகு மருந்துக் கடை, இப்போது என் மூக்குக்கண்ணாடிக் கடை. ஆள்தான் மாறினோமே தவிர, சுவரிலிருந்த ஆளுயர நிலைக்கண்ணாடியை யாரும் கழற்றவில்லை. அது முன்பக்கம் சாய்ந்து நிற்கும். செருப்புக் கடைக்காரருக்குக் கொண்டாட்டம். கால் பளிச்சென்று தெரியும். மருந்துக் கடைக்காரர் கீழ்த்தட்டில் கை வைப்பவர்களை அதில் பார்த்துத்தான் பிடித்தாராம். முகம் பார்க்க வேண்டிய என் கடையில் மட்டும் அது தரையைக் காட்டித் தொலைத்தது. போன வாரம் பொறுமை போய், பின்னாலிருந்த இரண்டு மர ஆப்புகளையும் பிடுங்கி நேராக்கினேன்.

நேற்று அந்தப் பழைய தையல்காரரே மனைவியோடு வந்தார். கண் ஆபரேஷன் முடிந்து, புது மூக்குக்கண்ணாடி வாங்க.

“இந்த மூலையில உட்கார்ந்து ரெண்டு வருஷம் பட்டன் தைச்சேம்மா,” என்றார் அந்த அம்மா என்னிடம். “அப்போ கல்யாணம் ஆகல. இவரு துணி வெட்டுற மேஜை அந்தக் கண்ணாடி ஓரம். ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருப்பாரா? பெரியவங்க பேசி முடிச்சாங்க, கட்டிக்கிட்டாரு. பிடிச்சுதான் கட்டினாரான்னு இன்னை வரைக்கும் எனக்குத் தெரியாது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குரலில் சிரிப்பு இல்லை.

தையல்காரர் புதுசை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்று, “இதை யாரும்மா நிமித்தினது?” என்றார்.

“நான்தான். கோணலா இருந்துச்சு.” எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“கோணல் இல்லம்மா. நான் வெச்ச ஆப்பு அது.”

“பாவாடைக் கரை தெரியணும்னு வெச்சாராம்,” என்றார் மனைவி. “குள்ளமாக் காட்டுதுன்னு எத்தனை பேரு சண்டைக்கு வந்தாங்க!”

ஆப்புகளைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். எடுத்து வந்தேன். நான் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, அவர் செருகினார். பிறகு பழைய மேஜை இருந்த இடத்தில் கண்ணாடியைப் பார்த்து, எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

“நீ அந்த மூலையில உட்காரு.”

“எதுக்குங்க?” என்றபடி அந்த அம்மா முக்காலியில் உட்கார்ந்தார்.

“பட்டன் தைக்கிற மாதிரி குனி.”

குனிந்தார்.

“இப்போ தெரியுது. வகிட்டை நடுவுல எடுக்காம கொஞ்சம் இடது பக்கமா எடுப்ப. ரெண்டு வருஷமும் அதைத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன். நீதான் ஒரு நாளும் நிமிரல.”

முகம் பார்க்க வேறு சின்னக் கண்ணாடி வாங்கிக்கொள்ளலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

“நாப்பது வருஷமா சொல்லாம இருந்தீங்களே, பாவி மனுஷா!” என்று திட்டிக்கொண்டே அந்த அம்மா நிமிர்ந்து, கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.